இரும்பு பம்பரும் ஏர்பேக் கம்ப்யூட்டரும்

திருப்பத்தூரில் வசிக்கும் என் நண்பர் ஒருவர் ஆப் ரோடு வண்டி ஒன்று வாங்கினார். சனி, ஞாயிறு வந்தால் குடும்பத்துடன் மலை ஏறிவிடுவார். ஒரு வாரம் ஜவ்வாது மலையில் புதூர்நாடு. அடுத்த வாரம் 14 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏலகிரி. வண்டி வாங்கிய ஒரே மாதத்தில் அவர் செய்த முதல் வேலை, கம்பெனி கொடுத்த முன் பம்பரைக் கழற்றி பரணில் போட்டதுதான். அந்த இடத்தில் கனமான இரும்பு பம்பர் ஒன்றை ஒரு பட்டறையில் வெல்டிங் செய்து மாட்டிக் கொண்டார்.

"பிளாஸ்டிக்கை நம்பி மலை ஏற முடியுமா?" என்று கேட்டார். ஏர்பேக் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். அவர் டேஷ்போர்டைக் காட்டினார். "பாரு, ஏர்பேக் விளக்கு எரியலையே. கம்ப்யூட்டரே ஓகே சொல்லிடுச்சு. அப்புறம் என்னப்பா பயம்?"

இதே எண்ணம் நம் வாசகர்கள் பலரிடமும் இருக்கலாம். கார் பம்பருக்கும் கம்ப்யூட்டர் இதழுக்கும் என்ன சம்பந்தம் என்றும் சிலர் நினைக்கலாம். சம்பந்தம் நிறையவே இருக்கிறது. இன்றைய வண்டியின் முன் பம்பர் வெறும் தகரமோ பிளாஸ்டிக்கோ அல்ல. அது ஒரு கம்ப்யூட்டருக்குத் தகவல் போய்ச் சேரும் பாதையின் முதல் பகுதி. அதை மாற்றினால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் பாதுகாப்பு எப்படி மாறுகிறது என்பதை இங்கு பார்க்கலாம்.

பம்பருக்குப் பின்னால் என்ன உள்ளது?

கம்பெனி பம்பரில் வெளியே தெரியும் பிளாஸ்டிக் வெறும் மேலுறைதான். அதைக் கழற்றினால் உள்ளே மோதலைத் தாங்கும் ஒரு குறுக்குச் சட்டம் இருக்கும். அந்தச் சட்டத்திற்கும் சேசிஸ் நீளச் சட்டத்திற்கும் நடுவில், இடது வலது இரு பக்கமும் நசுங்குவதற்கென்றே செய்யப்பட்ட சிறிய உலோகப் பெட்டிகள் பல வண்டிகளில் இருக்கும். மோதும்போது இவை அக்கார்டியன் பெட்டி போல மடிந்து நசுங்கும். இவற்றுக்குப் பின்னால் உள்ள சட்டத்தின் முன்பகுதியும் திட்டமிட்ட இடத்தில் மடியும்படி வடிவமைக்கப்பட்டிருக்கும்.

இந்த யோசனை புதிதல்ல. மெர்சிடஸ் பென்ஸ் நிறுவனத்தின் இன்ஜினியர் பேலா பாரெனி 1951ல் இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். வண்டியின் முன்பகுதியும் பின்பகுதியும் நசுங்கட்டும். நடுவில் மனிதர்கள் இருக்கும் அறை மட்டும் நசுங்காமல் நிற்கட்டும் என்பதே அவர் சொன்னது. 1959ல் இந்த முறையில் கார்கள் வெளிவந்தன.

"அந்தக் காலத்து வண்டி இரும்பு மாதிரி இருக்கும்" என்று சொல்பவர்கள் இன்டர்நெட்டில் ஒரு வீடியோவைத் தேடிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான இன்சூரன்ஸ் அமைப்பு 2009ல் ஒரு சோதனை நடத்தியது. 1959ம் ஆண்டு செவர்லே பெல் ஏர் காரையும் 2009ம் ஆண்டு செவர்லே மாலிபு காரையும் நேருக்கு நேர் மோத விட்டது. இரண்டும் மணிக்கு சுமார் 64 கி.மீ. வேகத்தில் வந்தன. கனத்த இரும்புக் காரில் டிரைவர் அறை உள்ளே நொறுங்கிப் போனது. அதில் மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். புதிய காரின் முன்பகுதி உருத்தெரியாமல் நசுங்கியது. டிரைவர் அறை அப்படியே நின்றது.

எக்ஸெல்லில் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

நசுங்கும் நீளம் ஏன் இவ்வளவு முக்கியம்? உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் அல்லது வேறு ஏதேனும் ஸ்பிரெட்ஷீட் புரோகிராமைத் திறந்து கொள்ளுங்கள். முதல் நெடுவரிசையில் மோதும் வேகத்தை கி.மீட்டரில் அமையுங்கள். இரண்டாவதில் முன்பகுதி நசுங்கும் நீளத்தை மீட்டரில் அமையுங்கள். மூன்றாவதில் பார்முலா. வேகத்தை 3.6ஆல் வகுக்க வேண்டும். வரும் எண்ணை அதே எண்ணால் பெருக்க வேண்டும். இதை நசுங்கும் நீளத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். கடைசியாக 9.81ஆல் வகுத்தால், உடல் மீது விழும் சராசரி வேகத்தடை எத்தனை 'ஜி' என்று கிடைக்கும். ஒரு ஜி என்பது நம் உடல் எடைக்குச் சமமான விசை.

மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவதாக வைத்துக் கொள்வோம். முன்பகுதி 60 செ.மீ. நசுங்கினால் கிடைக்கும் விடை 20.6 ஜி. 50 செ.மீ. மட்டும் நசுங்கினால் 24.7 ஜி. 40 செ.மீ. என்றால் 30.8 ஜி. அதாவது 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் மீது முதல் கணக்கில் சுமார் 1,440 கிலோ அழுத்தம். மூன்றாவது கணக்கில் சுமார் 2,160 கிலோ. வேகம் அதேதான், சுவரும் அதேதான். குறைந்தது 20 செ.மீ. நசுங்கல் மட்டுமே.

இது எளிமையாக்கப்பட்ட கணக்கு. நிஜ மோதலில் விசை ஒரே சீராக இராது. ஆனாலும் விஷயம் புரிந்துவிடும். நசுங்கும் பெட்டியை எடுத்துவிட்டு நசுங்காத இரும்பை நேராகச் சேசிஸில் இணைத்தால், வண்டிக்கு அடி குறையலாம். அந்தக் குறைந்த அடி உள்ளே இருப்பவர்களுக்குக் கூடும்.

ஏர்பேக் கம்ப்யூட்டர் எப்படி முடிவு எடுக்கிறது?

ஏர்பேக்கை இயக்குவது ஒரு சிறிய கம்ப்யூட்டர். பெரும்பாலும் கியர் லீவருக்கு அருகில், வண்டியின் நடுப்பகுதியில் பொருத்தப்பட்டிருக்கும். இதற்குள் வேகமாற்றத்தை அளக்கும் சிப் உண்டு. உங்கள் செல்போனைத் திருப்பும்போது திரையும் திரும்புகிறதே, அதே வகை சிப்தான். ஆனால் மிகப் பெரிய அதிர்ச்சிகளை அளக்கக் கூடியது. இது தவிர பல வண்டிகளில் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்திலோ சேசிஸின் முன் முனையிலோ தனி சென்சார்கள் இருக்கும்.

மோதல் தொடங்கியதும் இந்த சென்சார்கள் அனுப்பும் அளவுகளை கம்ப்யூட்டர் தொடர்ந்து படிக்கிறது. அதிர்ச்சி எவ்வளவு பெரியது என்று மட்டும் பார்ப்பதில்லை. எப்படி ஏறுகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்றும் பார்க்கிறது. சுமார் 15 முதல் 30 மில்லி செகண்டுக்குள் வெடிக்கச் செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். ஏர்பேக் விரிவதற்கு மேலும் சுமார் 30 மில்லி செகண்ட். நேர் மோதல் முழுவதுமே ஏறத்தாழ 100 மில்லி செகண்டில் முடிந்துவிடும். நாம் கண் சிமிட்டி முடிக்கும் முன் எல்லாம் முடிந்திருக்கும்.

பள்ளத்தில் விழுந்ததற்கும் லாரியில் மோதியதற்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? கம்பெனி பல மாதிரி வண்டிகளை மோதிப் பார்க்கிறது. பள்ளம், கல், நடைபாதை விளிம்பு, கரடுமுரடான பாதை என்று ஓட்டியும் பார்க்கிறது. அந்த அளவுகளை வைத்து, இது மோதல், இது வெறும் குலுக்கல் என்று சாப்ட்வேரில் எல்லைகளை அமைக்கிறது. இந்த எல்லைகள் அந்த மாடலுக்கும், அந்தக் கம்பெனி பம்பருக்கும், அந்த நசுங்கும் பெட்டிக்கும் உரியவை. வேறு மாடலுக்கே பொருந்தாது எனும்போது, பட்டறையில் வெல்டிங் செய்த பம்பருக்கு எப்படிப் பொருந்தும்?

தவறு எந்தப் பக்கமும் நிகழலாம். விறைப்பான இரும்பு சிறிய இடியைக் கூட நேராகச் சேசிஸுக்குக் கடத்தும். பாதை ஓரத்துப் பாறையில் மெல்ல இடித்ததற்கே ஏர்பேக் வெடிக்கலாம். மலைப்பாதை வளைவில் டிரைவர் முகத்தில் ஏர்பேக் விரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மாறாக, முன் சென்சார் இருக்கும் இடத்திற்கு அடி போகாமல் பம்பர் வேறு பாதையில் விசையைத் திருப்பினால், கம்ப்யூட்டர் தாமதமாக விழித்துக் கொள்ளும். அதற்குள் டிரைவர் ஸ்டீயரிங்கை நெருங்கியிருப்பார். ஏர்பேக் மணிக்கு 250 கி.மீட்டருக்கும் மேலான வேகத்தில் விரியக் கூடியது. தூரத்தில் இருப்பவருக்கு அது மெத்தை. மிக அருகில் வந்துவிட்டவருக்கு அதுவே ஓங்கி விழும் அறை. சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சாதனத்திற்கும் இதே கம்ப்யூட்டர்தான் கட்டளை தருகிறது. எனவே அதுவும் தாமதமாகலாம்.

விளக்கு எரியாதது சான்றிதழ் அல்ல

இனி நண்பரின் வாதத்திற்கு வருவோம். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைகிறது. அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் என்ன சோதிக்கிறது? ஏர்பேக்கிற்குச் செல்லும் ஒயர் அறுந்துள்ளதா, சென்சார் இணைப்பில் உள்ளதா, மின்னழுத்தம் சரியாக உள்ளதா என்று தன் எலக்ட்ரானிக் இணைப்புகளைத்தான் சோதிக்கிறது. வண்டியின் முகத்தில் யாரோ இரும்பு மாட்டியிருக்கிறார்கள் என்று அறிய அதனிடம் வழியே இல்லை.

நம் வீட்டுக் கம்ப்யூட்டரை எடுத்துக் கொள்வோம். புதிய கார்டு ஒன்றை மதர்போர்டில் செருகி, அதற்கான டிரைவர் புரோகிராமை இன்ஸ்டால் செய்யவில்லை என்றால், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் நிற ஆச்சரியக்குறி வந்துவிடும். நாமும் உஷாராகி விடுவோம். பம்பரை மாற்றும்போது நீங்கள் ஹார்ட்வேரை மாற்றுகிறீர்கள். சாப்ட்வேர் பழையதாகவே இருக்கிறது. ஆனால் இங்கே மஞ்சள் குறி வருவதில்லை. எர்ரர் மெசேஜ் இல்லை என்பதால் எல்லாம் சரி என்று நினைக்கிறோம். தவறு இருந்தால் அது தெரியும் நாள் விபத்து நடக்கும் நாள்தான். அன்று ரீஸ்டார்ட் செய்து பார்க்க முடியாது.

சில புதிய மாடல்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. தானாகப் பிரேக் போடும் வசதிக்கான ரேடார் முன்பகுதியில் அமைந்திருக்கும். பார்க்கிங் சென்சார்கள் பம்பரிலேயே பொருத்தப்பட்டிருக்கும். ரேடார் அலை பிளாஸ்டிக்கைக் கடந்து போகும், இரும்பைக் கடக்காது.

ஸ்டார் யாருக்குக் கொடுத்தது?

வண்டி வாங்கும்போது எத்தனை ஸ்டார் என்று கேட்கிறோம். மஹிந்திரா தார் 2020ல் குளோபல் என்கேப் சோதனையில் 4 ஸ்டார் பெற்றது. தார் ராக்ஸ் 2024ல் பாரத் என்கேப் சோதனையில் 5 ஸ்டார் பெற்றது. பாரத் என்கேப் நம் நாட்டுக்கென 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சோதனை முறை. இதில் வண்டியை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில், நசுங்கக் கூடிய தடுப்பின் மீது ஒரு பக்கமாக மோத விடுவார்கள். அந்த ஸ்டார்கள் கம்பெனி பம்பருடன் மோதிய வண்டிக்குக் கொடுத்தவை. பம்பரை மாற்றிய பிறகு உங்கள் வண்டிக்கு எத்தனை ஸ்டார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏனெனில் அப்படி ஒரு வண்டியை யாரும் மோதிப் பார்த்ததில்லை.

ஆஸ்திரேலியாவில் மட்டும் எப்படி?

"ஆஸ்திரேலியாவில் எல்லோரும் மாட்டுகிறார்களே" என்பது அடுத்த கேள்வி. உண்மைதான். அங்கே ஆளில்லாத நீண்ட சாலைகளில் கங்காருக்கள் குறுக்கே பாயும். ரேடியேட்டர் உடைந்தால் உதவிக்கு ஆள் கிடைக்காது. ஆனால் அங்கு முன்னணி நிறுவனங்கள் ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாக வடிவமைக்கின்றன. பம்பரைத் தாங்கும் பிராக்கெட்டே குறிப்பிட்ட விசையில் மடியும்படி செய்கின்றன. ஏர்பேக் இயங்கும் நேரம் மாறவில்லை என்று மோதல் சோதனை செய்து காட்டுகின்றன. எனவே மாற்று பம்பர் என்றாலே ஆபத்து என்று சொல்ல முடியாது. அந்த மாடலில் சோதித்த பம்பர் வேறு. கண் அளவில் வெட்டி வெல்டிங் செய்த பம்பர் வேறு. இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும் என்பதுதான் பிரச்னை. ஐரோப்பிய நாடுகளோ சாலையில் நடப்பவர்களைக் கருத்தில் கொண்டு, இத்தகைய முன் தடுப்புகளுக்கு 2005ல் தனி விதியே கொண்டு வந்தன.

நம் ஊரிலும் மாடு, மான், காட்டுப்பன்றி குறுக்கே வரும். மெதுவாகச் செல்லும்போது இரும்பு பம்பர் ரேடியேட்டரையும் ஹெட்லைட்டையும் காக்கும்; மறுப்பதற்கில்லை. ஆனால் வேகமாகச் சென்று மாட்டின் மீது மோதினால், பம்பர் அதன் கால்களைத்தான் தட்டும். உடல் பானெட் மீது ஏறிக் கண்ணாடிக்கு வரும். அங்கு உங்களைக் காப்பது குறைந்த வேகம் மட்டுமே.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பர் 7ல் எல்லா மாநிலங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கிராஷ் கார்டு, புல் பார் ஆகியவற்றை அனுமதியின்றிப் பொருத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுக்கு எதிரானது என்றும், நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டது. இந்தத் தடையை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கில், 2022ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. கம்பெனியின் மூல வடிவத்திற்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் கூறியுள்ளது. 2019ல் திருத்தப்பட்ட சட்டத்தின் 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்திற்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம்.

மலையில் உண்மையான ஆபத்து எது?

மலைப்பாதையில் பெரிய விபத்துகள் பல நேர் மோதலே அல்ல, கவிழ்வதுதான். 2022 ஏப்ரலில் ஜவ்வாது மலையின் புதூர்நாடு பகுதியில், கோயிலுக்குச் சென்றவர்களை ஏற்றிய சரக்கு வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தனர். அங்கு எந்த பம்பரும் எதுவும் செய்திருக்க முடியாது. கனமான பம்பர் முன் சக்கரங்களின் மீது 50 கிலோவுக்கு மேல் கூட எடை ஏற்றும். இறக்கத்தில் பிரேக் போடும்போது அந்தச் சுமை முன்பக்கமே சாயும்.

மலையிலிருந்து இறங்கி வாணியம்பாடி பக்கம் வந்தால் சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை. நேர் மோதலின் வேகம் கூடுதலாக இருப்பது அங்குதான். நண்பர் மலைக்காக மாட்டிய பம்பர் அங்கும் கூடவே வருகிறது.

காப்பது எது என்று கேட்டால், பழைய பதில்தான்: சீட் பெல்ட். மத்திய அரசின் கணக்குப்படி 2022ல் நாடு முழுவதும் சீட் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர். இவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் டிரைவர் அல்லாத பயணிகள். ஜீப், பிக்கப் போன்ற வண்டிகளில் முன் சீட்டில் இருப்பவருக்கு மரண அபாயத்தை சீட் பெல்ட் 60 சதவீதம் குறைக்கிறது என்று அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை கூறுகிறது. கவிழும் வண்டியிலிருந்து வெளியே தூக்கி எறியப்படாமல் தடுப்பதே இதற்கு முக்கியக் காரணம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. இரும்பு பம்பர் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு கம்பெனி பம்பரை மாட்டுங்கள். மேலுறை மட்டும் போதாது. உள் சட்டம், நசுங்கும் பெட்டி, பிராக்கெட், சென்சார் எல்லாம் பழைய இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

2. சேசிஸ் முனையில் வெல்டிங் செய்திருந்தாலோ கூடுதல் துளை போட்டிருந்தாலோ சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள். அந்த இடம் இனி பழையபடி மடியாமல் போகலாம்.

3. மஞ்சள் நிற உறை அல்லது மஞ்சள் கனெக்டர் உள்ள ஒயர்கள் பொதுவாக ஏர்பேக்கிற்கு உரியவை. பட்டறையில் யாரையும் தொட விடாதீர்கள்.

4. ரேடார், கேமரா உள்ள வண்டி என்றால், பம்பரைத் திரும்ப மாட்டிய பின் காலிபரேஷன் செய்யச் சொல்லுங்கள்.

5. பழைய வண்டி வாங்குவதாக இருந்தால், பம்பரின் பின்புறம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்கேனரில் எர்ரர் கோட் எதுவும் இல்லை என்பதை மட்டும் நம்ப வேண்டாம். காரணத்தை மேலே பார்த்தோம்.

6. ஏதேனும் துணைச் சாதனம் தேவை என்றால், வண்டிக் கம்பெனியே அந்த மாடலுக்கு அங்கீகரித்ததா என்று எழுத்து மூலம் கேளுங்கள். "எல்லோரும் மாட்டுறாங்க சார்" என்பது பதில் அல்ல.

7. பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் அணியட்டும். லக்கேஜைக் கட்டி வையுங்கள்.

நண்பரிடம் இந்த எக்ஸெல் கணக்கைத்தான் முதலில் போட்டுக் காட்டினேன். 30.8 என்ற எண்ணைப் பார்த்து, "இது யார் மேல விழுற அடி?" என்று கேட்டார். முன் சீட்டில் யார் உட்காருவார்கள் என்று திருப்பிக் கேட்டேன். பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் பரணில் இருந்த பிளாஸ்டிக் பம்பர் கீழே இறங்கியது. உள்ளே இருந்த பெட்டிகளைப் பட்டறையில் எங்கோ போட்டுவிட்டதால், அவற்றைப் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. சேசிஸ் முனையையும் சர்வீஸ் சென்டரில் காட்டிச் சரி பார்த்தார். செலவு கொஞ்சம் வலித்ததாகச் சொன்னார்.

சமீபத்தில் புதூர்நாட்டிலிருந்து போன் செய்தார். ஒரு கல்லில் உரசி பம்பரில் கீறல் விழுந்துவிட்டதாம். பாலிஷ் போட்டால் போய்விடுமா என்று கேட்டார். போகாது, இருக்கட்டும் என்றேன்.